டௌபர் ஆற்றோடு ஐந்து நாள்

ஜெர்மனியில், ரோட்டன்புர்க் நகரிலிருந்து வெர்ட்ஹைம் வரை டௌபர் ஆற்றை ஒட்டிச் செல்லும் சைக்கிள் பாதையின் நீளம் சுமார் 100 கிலோமீட்டர். ஆறு ஓடும் திசையிலேயே பாதையும் இறங்குகிறது. ஓட்டிப் பழகியவர் விடியலில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் முடித்துவிடுவார். நான் முதல் முறை போனபோது இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதுவே தாராளம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் மாலை ஓர் ஆலயத்தின் வாசலில் போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது. அதற்குள் இருந்த மரச்சிற்பத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்திருந்தேன். மறுநாள் காலை வரை காத்திருக்க என் கணக்கில் நேரம் இல்லை. அப்படியே கிளம்பிவிட்டேன். அந்த வருத்தம் அடுத்த கோடையில் மறுபடி வந்து ஐந்து நாள் தங்கிய பிறகுதான் தீர்ந்தது.

ஆகவே இந்த அத்தியாயம் ஐந்து நாள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 20 கிலோமீட்டர். சைக்கிளில் உட்காரும் நேரம் இரண்டு மணி, மிஞ்சினால் மூன்று மணி. மீதி நாள் முழுவதும் ஊர்களுக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டும் தூரத்தைக் குறைக்கக் குறைக்கக் கண்ணில் படுவது கூடிக்கொண்டே போகும். பத்து வயதுக் குழந்தையோடு போகிறவர்களும், அறுபது வயதில் மீண்டும் சைக்கிளைத் தொடுகிறவர்களும் தயங்காமல் வரலாம்.

பள்ளத்தாக்கை அறிந்துகொள்ள

டௌபர் சிறிய ஆறு. பவேரியாவும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கும் சேரும் எல்லைப் பகுதியில் பிறந்து, சுமார் 130 கிலோமீட்டர் ஓடி, வெர்ட்ஹைமில் மைன் ஆற்றில் கலக்கிறது. பல இடங்களில் நம் ஊர் வாய்க்கால் அகலம்தான் இருக்கும். பாதை இரண்டு மாநிலங்களுக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து வெளிவரும். ஒரு பலகையைத் தவிர வேறு அடையாளம் இருக்காது.

மேல்பகுதி முழுவதும் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த ஓடுகளே இந்தக் கல்லாக இறுகின. கீழ்ப்பகுதியில், கடைசி நாள் பயணத்தின்போது, சிவப்பு மணற்கல் வந்துவிடும். நிலவியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வீடுகளையும் பாலங்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். சாம்பலும் மஞ்சளுமாக இருந்த சுவர்கள் சிவக்கத் தொடங்கினால் ஆற்றின் முடிவு நெருங்குகிறது என்று பொருள்.

இவ்வளவு பழைய ஊர்கள் எப்படி மிஞ்சின என்ற கேள்வி எழும். சரக்குப் படகு ஓட்ட டௌபர் போதாது. பெரிய ஆலைகள் வரவில்லை. நடுக்காலத்தில் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாகச் செழித்த ரோட்டன்புர்க், 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் வறுமைக்குள் விழுந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் கையில் காசில்லை. கைவிடப்பட்டதாலேயே காப்பாற்றப்பட்ட இடங்கள் இவை. பாதை நெடுக இந்தக் கதை வெவ்வேறு உருவில் திரும்ப வரும்.

எப்போது போவது

மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை. மே மாதத்தில் பழமரங்கள் பூத்து ஓய்ந்திருக்கும், புல்வெளி கண்ணைப் பறிக்கும், இரவில் குளிரும். ஜூனில் பகல் மிக நீளம். இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளிவிடுமுறை என்பதால் தங்குமிடத்தை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும். என் விருப்பம் செப்டம்பர். திராட்சை அறுவடை தொடங்கியிருக்கும், கிராமத்துத் தெருக்களில் பிழிந்த சாற்றின் புளித்த மணம் வீசும், வெயில் சுடாது.

எந்த மாதமானாலும் மழை வரும். மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும் இல்லாமல் புறப்படாதீர்கள்.

போய்ச் சேரும் வழி

ஃபிராங்க்ஃபுர்ட் விமானநிலையத்திலிருந்து ரயிலில் வூர்ட்ஸ்புர்க். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஷ்டைனாஹ். ஷ்டைனாஹில் மாறினால் கிளைப்பாதை ரயில் ரோட்டன்புர்க்கில் கொண்டுபோய் விடும்.

சொந்த சைக்கிளோடு வருகிறவர்கள் இரண்டு விஷயங்களை மனதில் வைக்கவும். நீண்டதூர விரைவு ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். அதிவேக ஐசிஇ ரயில்களில் சிலவற்றில் மட்டுமே சைக்கிள் ஏற்றலாம். உள்ளூர் ரயில்களில் சைக்கிள் படம் ஒட்டிய கதவு வழியாக ஏற வேண்டும். காலை அலுவலக நேரத்தைத் தவிர்த்தால் இடம் கிடைக்கும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ மாதச் சந்தாவின் விலை பிறகு ஏறியிருக்கிறது. நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் அது செல்லும், ஆனால் சைக்கிளுக்கான சீட்டு அதில் அடங்காது.

இந்தப் பாதையில் ஒரு பெரிய வசதி உண்டு. வைக்கர்ஸ்ஹைமிலிருந்து வெர்ட்ஹைம் வரை ரயில்பாதை ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. மழை அடித்தாலோ முட்டி வலித்தாலோ அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். முதல் ஒன்றரை நாள் பயணத்தில் மட்டும் இந்தத் துணை கிடையாது.

சைக்கிளும் சுமையும்

நிமிர்ந்து உட்காரும் ‘ட்ரெக்கிங்’ வகை சைக்கிள் போதும். டயர் அகலம் 40 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தார்ச்சாலையும் சரளைப்பாதையும் ஒன்றாகவே தெரியும். ஏற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் மின் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் மோட்டார் உதவும் வகை, சட்டத்தின் பார்வையில் சாதாரண சைக்கிள்தான், உரிமம் வேண்டாம்.

சட்டப்படி சைக்கிளில் இருக்க வேண்டியவை: தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக், பெல், முன்னும் பின்னும் விளக்கு, பிரதிபலிப்பான்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை, ஆனால் போட்டுக்கொள்ளுங்கள்.

பின் கேரியரின் இருபுறமும் தொங்கும் இரண்டு நீர்புகாப் பைகளில் ஐந்து நாளுக்கானது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஏதோ ஒன்று அதிகம். முதுகில் பை மாட்டாதீர்கள். இரண்டாம் நாளே தோள் கடுக்கும். பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஒரு மாற்று ட்யூப், பம்ப், செயின் எண்ணெய் ஆகியவை ஒரு பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். ட்யூப் வாங்கும்போது வால்வைப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மனியில் மூன்று வகை வால்வுகள் புழக்கத்தில் உள்ளன. உங்கள் பம்ப் உங்கள் வால்வில் பொருந்துகிறதா என்று வாடகைக் கடையிலேயே காற்றடித்துப் பார்த்துவிடுங்கள்.

சாலையில் நினைவிருக்க வேண்டியவை

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு ஆபத்தான நேரம் நெரிசல் அல்ல. ஆளில்லாத கிராமத்துச் சாலையில் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் கிளம்பும் கணம். கை தானாக இடப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மிதியுங்கள்.

குறியீடில்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் வழி. நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் ஓட்ட வேண்டும். ஒருவழித் தெருவின் வாயிலில் நுழையாதே என்ற பலகைக்குக் கீழே ‘ஃப்ரை’ என்ற சொல்லோடு சைக்கிள் படம் இருந்தால் நாம் மட்டும் நுழையலாம். ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடித்தால் அபராதம். மது விஷயத்தில் தெளிவாக இருங்கள். இது திராட்சை மது விளையும் பூமி, ஆனால் போதையில் சைக்கிள் ஓட்டுவது ஜெர்மனியில் குற்றம். சைக்கிளை இரவுக்குப் பூட்டிய பிறகு குடியுங்கள்.

வழி தவறும் கவலை வேண்டாம். சந்திப்புகளில் திசைப்பலகைகள் உண்டு. ஜெர்மன் சைக்கிளோட்டிகள் சங்கமான ஏடிஎஃப்சி, தொலைதூரப் பாதைகளுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது. உச்சமான ஐந்து நட்சத்திரம் பெற்ற பாதைகளில் இதுவும் ஒன்று. ‘லீப்லிஹஸ் டௌபர்டால்’, அதாவது இனிய டௌபர் பள்ளத்தாக்கு என்ற பெயரைப் பின்தொடருங்கள்.

முதல் நாள்: ரோட்டன்புர்க் – கிரெக்லிங்கன் (சுமார் 20 கி.மீ.)

முந்தைய நாளே ரோட்டன்புர்க் வந்து தங்கிவிடுங்கள். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் நிரப்பும் தெருக்கள் மாலையில் காலியாகிவிடும். விடியலில் கோட்டைமதிலின் மேல் நடங்கள். கூரை வேய்ந்த அந்த மரநடைபாதைக்குக் கட்டணம் இல்லை. 1945 மார்ச் 31 அன்று நடந்த வான்தாக்குதலில் பழைய நகரின் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அழிந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து நன்கொடை வந்து, மதில் மீண்டும் எழுந்தது. கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்களை நடக்கும்போதே படிக்கலாம்.

பிறகு யாக்கோபு ஆலயம். மாடியில் இருக்கும் பீடத்தில் டில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி 1500களின் தொடக்கத்தில் லிண்டன் மரத்தில், அதாவது ஐரோப்பாவின் நிழல்தரும் தெருவோர மரத்தில், இயேசுவின் கடைசி இராவுணவைச் செதுக்கியிருக்கிறார். நடுவில் நிற்பவர் இயேசு அல்ல, காட்டிக்கொடுத்த யூதாசு. இந்த உருவங்களுக்கு வண்ணம் பூசப்படவில்லை. சன்னல் வெளிச்சம் மரத்தின் மேல் விழும் கோணம் மாறும்போது முகங்களின் உணர்ச்சியும் மாறுகிறது. ஒரு முறை பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

நகரம் குன்றின் மேல் இருக்கிறது, ஆறு கீழே. முதல் இறக்கம் செங்குத்தானது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள்; சுமையோடு பழக்கமில்லாவிட்டால் தள்ளிக்கொண்டே இறங்குவது நல்லது. கீழே இரண்டு அடுக்கு வளைவுகளாலான கல்பாலம். அருகில் 1388இல் நகரத்தலைவர் ஹைன்ரிஹ் டோப்லர் கட்டிய விசித்திரமான வீடு, குறுகிய கல்கோபுரத்தின் தலையில் ஒரு வீட்டைத் தூக்கி வைத்ததுபோல நிற்கிறது.

சில நிமிடத்தில் டெட்வாங். ரோட்டன்புர்க்கைவிடப் பழைய ஊர். அதன் சிறிய ஆலயத்திலும் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய பீடம் ஒன்று இருக்கிறது. இது சிலுவைக் காட்சி. அதற்குப் பிறகு பழைய நீராலைகள், பெட்வார், திராட்சைச் சரிவுக்கடியில் டௌபர்ட்ஸெல். இந்தப் பகுதியில் குட்டி ஏற்றங்கள் வரும். முழுப் பாதையிலும் காலுக்கு வேலை வைக்கும் இடம் இதுதான். கியரை முன்னதாகவே குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரெக்லிங்கன் ஊருக்குச் சற்று வெளியே, ஓடை ஓரத்தில், ஹெர்காட்ஸ்கிர்ஹே. 1384இல் உழுதுகொண்டிருந்த விவசாயி ஒருவர் மண்ணில் நற்கருணை அப்பத்தைக் கண்டெடுத்ததாகவும், அந்த இடத்தில் ஆலயம் எழுந்ததாகவும் ஐதிகம். உள்ளே ரீமன்ஷ்னைடரின் மரியாள் பீடம், ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். மரியாள் விண்ணேறும் காட்சி. கீழே நிற்கும் சீடர்களின் கைகளை மட்டும் ஒரு சுற்று பாருங்கள்; நரம்பு புடைத்த உழைப்பாளிக் கைகள். சீர்திருத்தச் சபை வந்தபின் மரியாளுக்கான பீடத்துக்கு இங்கே வழிபாடு நின்றது. பலகையடித்து மூடிவைத்தார்கள். 1832இல்தான் மீண்டும் திறந்தார்கள். மூன்று நூற்றாண்டு இருட்டே அதைக் காத்தது. திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தைய நாளே விசாரித்து வையுங்கள். நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: கிரெக்லிங்கன் – வைக்கர்ஸ்ஹைம் (சுமார் 20 கி.மீ.)

இன்று பாதை சமதளம். சரிவுகளை அண்ணாந்து பார்த்தால் மேலிருந்து கீழாக நீண்ட கல்வரம்புகள் ஓடுவது தெரியும். இவற்றை ‘ஷ்டைன்ரீகல்’ என்கிறார்கள். திராட்சை பயிரிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுக் குவித்தவை. தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. கற்கள் நிற்கின்றன, இன்று பல்லியும் பாம்பும் புதரும் அவற்றில் குடியிருக்கின்றன. ஒரு கல்வரம்பின் நீளத்தைக் கண்ணால் அளந்து, அதில் எத்தனை கூடை கல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோட்டிங்கன் வழியில் பாதித் தூரத்தில் வரும். மதிலும் கோபுரங்களும் உள்ள சிற்றூர், சூரியக் கடிகாரங்களுக்குப் பெயர்போனது. சுவரிலும் தோட்டத்திலும் வெவ்வேறு வடிவில் அவற்றை அமைத்திருக்கிறார்கள். கோடைக்காலத்தில் அவை உங்கள் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிக் காட்டும். கோடை நேரத்துக்காக ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதும், ஊர் நேரக்கோட்டுக்கு மேற்கே இருப்பதும் காரணம். சூரியனிடம் பிழையில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய திராட்சை ‘டௌபர்ஷ்வார்ட்ஸ்’, டௌபரின் கறுப்பு. ஏறக்குறைய அழிந்துபோய், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மீட்கப்பட்ட வகை. மது அருந்துகிறவர்கள் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை கேட்கலாம். அருந்தாதவர்களுக்குத் ‘ட்ராவுபன்ஸாஃப்ட்’ என்ற திராட்சைச் சாறு உண்டு.

வைக்கர்ஸ்ஹைம் அரண்மனையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹோஹன்லோஹே பிரபுக்கள் கட்டிய அதன் பெருமண்டபம் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 40 மீட்டர் நீள்கிறது. மரக்கூரையின் ஒவ்வொரு சதுரத்திலும் வேட்டை ஓவியம். சுவர்களில் சுண்ணச்சாந்தில் புடைத்த விலங்குகள். மான்களுக்கு அசல் கொம்புகளையே பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு யானையும் நிற்கிறது. யானை பார்த்து வளர்ந்த நமக்கு அதை உற்றுப் பார்க்க ஆசை வரும். வெளியே தோட்டத்தின் கைப்பிடிச் சுவரில் அரண்மனைப் பணியாளர்களைக் குள்ள உருவங்களாகச் செதுக்கி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: வைக்கர்ஸ்ஹைம் – பாட் மெர்கன்ட்ஹைம் (சுமார் 12 கி.மீ.)

மிகக் குறைந்த தூரம். மார்க்கல்ஸ்ஹைம் திராட்சைக் கிராமத்தில் நின்று நிதானமாகப் போனாலும் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். துணி துவைக்க, செயினைத் துடைத்து எண்ணெய் விட இந்த நாளை ஒதுக்குங்கள்.

ஜெர்மன் வீரத்துறவியர் சபையின் தலைவர் பிரஷ்யாவில் 1525இல் மதம் மாறிப் பிரிந்தபின், சபையின் தலைமையிடம் இந்த ஊருக்கு வந்தது. 1809இல் நெப்போலியன் கலைக்கும்வரை இங்கேயே இருந்தது. அவர்களுடைய அரண்மனை இன்று அருங்காட்சியகம். 1791இல் சபை மாநாட்டுக்காக போன் நகர அரசவை இசைக்குழு இங்கு வந்தது. அதில் ஒருவராக இருபது வயது பேத்தோவனும் வந்திருந்தார்.

சபை போனதும் ஊர் வாடியது. 1826இல் ஓர் ஆட்டிடையர் தம் ஆடுகள் ஆற்றோரத்தில் ஓரிடத்தில் மொய்ப்பதைக் கவனித்தார். உப்பு நீர் ஊறிக்கொண்டிருந்தது. அந்த ஊற்றால் ஊர் மருத்துவக் குளியல் நகரமாக மறுபிறவி எடுத்தது. பெயரின் முன்னால் இருக்கும் ‘பாட்’ என்பதற்குக் குளியல் என்றே பொருள். குளியல் பூங்காவில் காலாற நடங்கள்.

தெம்பிருந்தால் தெற்கே சுமார் 6 கிலோமீட்டரில் ஷ்டுப்பாஹ் கிராமம் போய் வரலாம். அங்குள்ள ஆலயத்தில் மத்தியாஸ் க்ரூனவால்ட் தீட்டிய, வானவில்லுக்கடியில் குழந்தையோடு அமர்ந்த மரியாள் ஓவியம் இருக்கிறது. சிறிது ஏற வேண்டும். திரும்பும்போது மிதிக்க வேண்டியதில்லை.

நான்காம் நாள்: பாட் மெர்கன்ட்ஹைம் – டௌபர்பிஷோஃப்ஸ்ஹைம் (சுமார் 20 கி.மீ.)

பள்ளத்தாக்கு அகல விரிகிறது. கோனிக்ஸ்ஹோஃபன் வரும்போது நின்று ஊரின் மேலுள்ள குன்றைப் பாருங்கள். 1525 ஜூன் 2 அன்று, வரிக்கும் அடிமைத்தனத்துக்கும் எதிராக எழுந்த விவசாயிகள் அந்தக் குன்றில் வண்டிகளை அரணாக நிறுத்தி நின்றார்கள். பிரபுக்களின் குதிரைப்படை ஆயிரக்கணக்கானவர்களை அன்று ஒரே நாளில் வெட்டிக் கொன்றது. முதல் நாள் பார்த்த பீடங்களைச் செதுக்கிய ரீமன்ஷ்னைடர் அப்போது வூர்ட்ஸ்புர்க் நகர்மன்றத்தில் இருந்தார், முன்பு நகரத்தலைவராகவும் இருந்தவர். விவசாயிகளுக்கு எதிராக நகரம் போரிட மறுத்தது. தோல்விக்குப் பின் அவரும் சிறையில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். 1531இல் இறந்தார். அந்த நரம்பு புடைத்த கைகள் உங்களுக்கு இங்கே மறுபடி நினைவுக்கு வரும்.

லௌடாவில் 1512ஆம் ஆண்டுக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. வூர்ட்ஸ்புர்க், ஷ்டுட்கார்ட் செல்லும் ரயில்பாதை இங்கே நம் பள்ளத்தாக்கைத் தொடுகிறது. நாள் குறைவாக இருப்பவர்கள் இங்கிருந்தே திரும்பலாம்.

டௌபர்பிஷோஃப்ஸ்ஹைமில் 8ஆம் நூற்றாண்டிலேயே லியோபா என்ற ஆங்கிலேயத் துறவி பெண்களுக்கான மடத்தை நடத்தினார். இந்தச் சிறிய ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 1988 சோல் ஒலிம்பிக்கில் பெண்கள் வாள்வீச்சின் ‘ஃபாயில்’ தனிநபர் பிரிவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் வென்றவர்கள் இந்த ஊர் வாள்வீச்சுக் கழகத்தில் பயின்ற அன்யா ஃபிஹ்டல், சபீனே பௌ, ட்ஸீட்டா ஃபுங்கன்ஹௌஸர்.

ஐந்தாம் நாள்: டௌபர்பிஷோஃப்ஸ்ஹைம் – வெர்ட்ஹைம் (சுமார் 30 கி.மீ.)

நீளமான நாள். சீக்கிரம் கிளம்புங்கள். வெர்பாஹ் தாண்டியதும் பள்ளத்தாக்கு ஒடுங்கி, காடு ஆற்றுவரை இறங்கி வரும். கல் சிவக்கத் தொடங்கும்.

நிக்லாஸ்ஹௌசன் வீதியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். 1476இல் ஹான்ஸ் போம் என்ற ஆடுமேய்க்கும் இளைஞர், மேளம் அடித்துத் திரிந்தவர், இங்கே நின்று பேசினார். காடும் ஆறும் புல்வெளியும் எல்லோருக்கும் பொது, பிரபுவும் பாதிரியும் உழைத்தே உண்ண வேண்டும் என்றார். பல்லாயிரம் பேர் நடந்தே வந்து கேட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அவரை வூர்ட்ஸ்புர்க்கில் எரித்துக் கொன்றார்கள். கோனிக்ஸ்ஹோஃபன் குன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு முன்பே அந்தக் குரல் இந்த ஆற்றங்கரையில் ஒலித்திருக்கிறது.

காம்புர்க் கோட்டையைக் கடந்தால் ப்ரோன்பாஹ். 1151இல் தொடங்கிய சிஸ்டர்ஸியன் துறவியர் மடம், 1803இல் கலைக்கப்பட்டது. சிவப்புக்கல் ஆலயத்தின் வெறுமையான தூண்களும் மண்டபச் சுற்றும் மிதித்து வந்த உடம்பைக் குளிர்விக்கும். மதிய ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. களைத்தவர்கள் இங்கேயே ரயிலும் ஏறலாம்.

தங்கலும் சாப்பாடும்

சைக்கிளோட்டிகளை ஓர் இரவுக்கும் ஏற்றுக்கொண்டு, பூட்டக்கூடிய சைக்கிள் அறையும் துணி உலர்த்த இடமும் தரும் விடுதிகளுக்கு ஏடிஎஃப்சி ‘பெட் உண்ட் பைக்’ என்ற சான்று வழங்குகிறது. அந்தப் பலகையைத் தேடுங்கள். பையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டைப் பற்றியும் விடுதியிலேயே கேளுங்கள்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பேக்கரிகள் சில காலையில் மட்டும் திறக்கும். சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். கிராமத்து உணவகங்களுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ‘ரூஹடாக்’, அதாவது விடுமுறை. மதியத்துக்கும் இரவுக்கும் இடையே பல சமையலறைகள் மூடிவிடும். குழாய்த் தண்ணீர் நம்பிக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதிய குழாயில் மட்டும் குடிக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். அவசர உதவிக்கு எண் 112.

சைவர்கள் அறிய வேண்டிய சொல் ‘க்ரூன்கெர்ன்’. டௌபருக்கு மேற்கே உள்ள பௌலாண்ட் பகுதியின் தானியம். ‘டிங்கல்’ என்ற கோதுமை வகையைப் பாலேறிய பச்சைப் பருவத்திலேயே அறுத்து, விறகுச் சூட்டில் உலர்த்துகிறார்கள். மழை கெடுத்துவிடும் முன் பயிரைக் காப்பாற்றப் பிறந்த வழக்கம். வறுத்த வாசனையோடு கஞ்சி போன்ற சூப்பாகவும், அடைபோல் தட்டிப் பொரித்தும் கிடைக்கும். சூப்பை இறைச்சிச் சாற்றில் செய்வதும் உண்டு. ‘இஹ் எஸ்ஸ கைன் ஃப்ளைஷ்’, நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, என்று சொல்லிவிட்டுச் சாறு எதில் செய்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெர்ட்ஹைமில் முடிக்கும் முறை

ஊருக்குள் நுழைந்ததும் விடுதியைத் தேடாதீர்கள். நேராகக் கூர்கோபுரத்தின் அருகே, டௌபர் மைன் ஆற்றில் சேரும் முனைக்குப் போங்கள். சாய்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மேலே சிவப்புக்கல் கோட்டையின் இடிபாடு. பழைய தெருக்களில் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தை ஆண்டோடு கீறி வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். இத்தனை நாள் வாய்க்கால்போல் கூட வந்த ஆற்றைப் பற்றி அவை வேறொரு செய்தி சொல்லும்.

மறுநாள் திரும்பும்போது லௌடா வழியாகப் போகும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். சன்னலோரம் உட்காருங்கள். ப்ரோன்பாஹ், காம்புர்க், நிக்லாஸ்ஹௌசன் என ஒவ்வொன்றும் சில நொடி தெரிந்து மறையும். எதிரில் இருப்பவருக்கு அவை வெறும் நிலையப் பெயர்கள். உங்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சுவர், ஒரு மேடு, நின்று தண்ணீர் குடித்த ஒரு நிழல் இருக்கும். 20 கிலோமீட்டர் கணக்கு எதற்கு என்று அப்போது யாரும் விளக்க வேண்டியிருக்காது.